புல்லுக்கு அடித்த மருந்து

தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்லத் தெளித்த நஞ்சுக்கு நாம் இட்ட பெயர் ‘மருந்து’. நோய் தீர்ப்பதற்கும் அதே சொல்தான். ஆபத்தை மறைத்ததில் அச்சொல்லுக்கும் பங்குண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

பேராவின் ரப்பர்க் காடுகளில் முன்பு தெளித்தது சோடியம் ஆர்செனைட், அதாவது பாஷாணம். 1960களில் பாராகுவாட் வந்தது. பச்சை இலையில் பட்டால் வெயிலில் கருக்கிவிடும். மண்ணில் விழுந்தால் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழந்துவிடும். முதலாளிமாருக்கு வேறென்ன வேண்டும்! மனிதர் வயிற்றுக்குள் போனாலோ நுரையீரலைக் கெடுக்கும். மாற்று மருந்து இன்றுவரை இல்லை. பம்பு கசிந்தால் முதுகுத்தோல் புண்ணாகும். அந்தப் பம்பைச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். போத்தலில் மண்டையோட்டுப் படமும் ‘ராச்சுன்’ என்ற மலாய்ச் சொல்லும் உண்டு. ஸ்டோரில் கலக்கி ஊற்றிய பம்பில் அந்தச் சீட்டு ஏது?

2002இல் ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா அமைப்பு, தோட்டப் பெண்களை நேரில் விசாரித்து அறிக்கை வெளியிட்டது. மூக்கில் இரத்தம், கண்ணெரிச்சல், தோற்புண், நிறம் மாறிய நகம் என்று அவர்கள் சொன்னது பதிவாயிற்று. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. செம்பனைத் தொழிலார் எதிர்த்தனர். 2006இல் தடை தளர்ந்தது. சுவீடன் 1983இலேயே தடுத்துவிட்ட நஞ்சு, இங்கே முழுமையாக நின்றது 2020 ஜனவரி 1ஆம் நாள்தான். அதற்குள் பேராவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகிவிட்டன; பம்பு சுமந்த அக்காமார் பலர் லயத்தை விட்டே போய்விட்டனர்.