எடிசன், நெருப்பு, கொஞ்சம் கான்கிரீட்

எடிசன் ஃபேக்டரி எரிஞ்ச கதை எல்லாருக்கும் ஒரு தடவையாவது ஃபார்வர்டில் வந்திருக்கும். 67 வயசு மனுஷன். சம்பாதிச்சதெல்லாம் கண்ணெதிரே எரியுது. பதறி ஓடி வந்த மகன் சார்லஸ்கிட்ட, "போய் அம்மாவைக் கூட்டிட்டு வா, இப்படி ஒரு நெருப்பை இனிமே பார்க்கக் கிடைக்காது" என்கிற மாதிரி ஏதோ சொன்னாராம். கடைசியில் 'தோல்வியைக் கண்டு துவளாதே' என்று ஒரு நீதி. சுபம்.

மகன் பிற்காலத்தில் சொன்ன கதை இது. எனக்கு அதில் தகராறு எதுவும் இல்லை. ஆனா ஃபார்வர்டில் வராத ஒரு விஷயம் இருக்கு. அன்னைக்கு எரிஞ்ச கட்டடங்களில் பல, கான்கிரீட் கட்டடங்கள். சொந்தமா சிமென்ட் கம்பெனி நடத்திய ஆள், 'தீப்பிடிக்காத கட்டடம்' என்று நம்பிக் கட்டினது.

அப்புறம் எப்படி எரிஞ்சது?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1902-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பேயோன் என்ற ஊரில் ஒரு போராக்ஸ் ஆலை தீப்பிடிச்சது. கட்டினவர் எர்னஸ்ட் ரேன்சம். கான்கிரீட்டுக்குள்ளே முறுக்குக் கம்பி வைக்கும் முறைக்கு 1884-ல் காப்புரிமை வாங்கியவர். பித்தளை உருகும் அளவுக்குச் சூடு. உள்ளே இருந்த சரக்கு, மரக் கூரை எல்லாம் போச்சு. பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்த பகுதி வளைஞ்சு நெளிஞ்சு குப்பையா விழுந்தது. கான்கிரீட் கூடு மட்டும் அப்படியே நின்னுச்சு. ரேன்சமுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேணுமா என்ன? 'ஃபயர்ப்ரூஃப்' என்ற சொல் கான்கிரீட்டோடு நல்லா ஒட்டிக்கிச்சு.

எடிசன் இந்தப் பக்கம் வந்தது இன்னொரு தோல்வியால். இரும்புத்தாது பிரிக்கும் தொழிலில் பெரிய நஷ்டம். கையில் மிஞ்சியது பாறை நொறுக்கும் ராட்சத இயந்திரங்கள். அதை வெச்சு 1899-ல் சிமென்ட் கம்பெனி ஆரம்பிச்சார். மத்தவங்க 60 அடி நீளச் சூளை வெச்சிருந்தப்போ இவர் 150 அடியில் வெச்சார். ஒரே வார்ப்பில் முழு வீட்டையும் ஊத்தி எடுக்கிற திட்டம் வரைக்கும் போனார். வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த தன் தொழிற்சாலைக் கட்டடங்களையும் கான்கிரீட்டில் கட்டிக்கிட்டார்.

1914 டிசம்பர் 9, சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், சினிமா ஃபிலிம் சோதிக்கும் சின்ன கட்டடம் ஒன்றில் தீ ஆரம்பிச்சது. அந்தக் கால ஃபிலிம் நைட்ரேட் செல்லுலாய்ட். தீப்பிடிச்சா காற்றே இல்லாமல்கூட எரியும் சமாச்சாரம். சுத்தி இருந்த கான்கிரீட் கட்டடங்களுக்குள்ளே என்ன இருந்தது? செல்லுலாய்டில் செஞ்ச ஃபோனோகிராஃப் உருளைகள், மெழுகு, ரசாயனங்கள், மரப்பெட்டிகள். ஜன்னல்களுக்குத் தீத்தடுப்பு கிடையாது. ஒரு கட்டடத்து ஜன்னல் வழியா தீ எட்டிப் பார்த்து அடுத்த கட்டடத்து ஜன்னலுக்குள்ளே புகுந்தது. பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போச்சு. ஒரு தொழிலாளி செத்துப்போனார். ஃபார்வர்டில் அவரும் வர மாட்டார்.

மறுநாள் பார்த்தப்போ கான்கிரீட் தோத்ததா ஜெயிச்சதா என்று சட்டுன்னு சொல்ல முடியலை. சில இடங்களில் தூண்கள் நொறுங்கி, தளங்கள் தொங்கிக் கிடந்தன. ஆனா பெரும்பாலான கூடு நின்னுச்சு. பழுது பார்த்துத் திரும்பவும் உள்ளே உற்பத்தியை ஆரம்பிச்சாங்க. கட்டடம் எரியலை, கட்டடத்துக்குள்ளே இருந்தது எரிஞ்சது. அடுப்பு எரியாது, விறகுதான் எரியும். அடுப்புக்குள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அதனால் என்ன லாபம்?

அந்தக் காலத்துல இப்படிப் பல தீவிபத்துகள் சொன்ன பாடம் இதுதான். 'தீப்பிடிக்காது' என்பது விவரக்குறிப்பே இல்லை. நம்ம தொழிலில் ஒருத்தன் 'பக்கே இல்லை' என்று சொன்னா எப்படிச் சிரிப்போமோ அப்படி. கேட்க வேண்டிய கேள்வி: எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம்?

அதுக்குப் பதில் 1918-ல் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரநிலையாக வந்தது. உலையின் சூடு ஏறுவதற்கு ஒரு நேர அட்டவணையே போட்டாங்க. 5 நிமிஷத்தில் 538 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரத்தில் 927, நாலு மணி நேரத்தில் 1093. தூணையோ தளத்தையோ இந்தச் சூட்டில் வெச்சு, எப்போ கையை விரிக்குதுன்னு பார்க்கணும். இன்னைக்கும் 'இரண்டு மணி நேரத் தீத்தாங்குதிறன்' என்று சொல்வதன் வேர் இதுதான்.

சரி, நிஜக் கட்டடத்தில் தீ எவ்வளவு நேரம் எரியும்? அமெரிக்க பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் இருந்த சைமன் இங்பெர்க் இதுக்காக மேஜை நாற்காலி, காகிதம் எல்லாம் போட்டு நிஜமாகவே எரிச்சுப் பார்த்தார். 1928-ல் முடிவை வெளியிட்டார். தோராயமா ஒரு சதுர அடிக்கு 10 பவுண்டு எரியும் பொருள் இருந்தா, அது உலையில் ஒரு மணி நேரச் சோதனைக்குச் சமம். பொருள் ஏற ஏற நேரமும் ஏறும். துணிக்கடை ஒன்றை நினைச்சுப் பாருங்க. 2017 மே 31 அன்று சென்னை தி.நகரில் ஏழு மாடித் துணிக்கடை எரிஞ்சதை டிவியில் பார்த்திருப்பீங்க. மாடி மாடியா துணி. விடிய விடிய எரிஞ்சு கட்டடத்தின் ஒரு பகுதி சரிஞ்சது. அதுவும் கான்கிரீட்தான்.

கான்கிரீட் எப்படித் தாங்குது? சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். உள்ளே இருக்கிற கம்பி 550-600 டிகிரியைத் தொட்டா அதன் பலம் ஏறக்குறைய பாதியாயிடும். அதுவரைக்கும் கம்பியைக் காப்பாத்துறது மேலே மூடியிருக்கிற கான்கிரீட் போர்வை. அதுக்குப் பேர் கவர். நம்ம ஊர் ஐ.எஸ். 456, 2000-ஆம் வருஷப் பதிப்பில் அட்டவணை 16ஏ என்று ஒண்ணு இருக்கு. சாதாரணமாத் தாங்கி நிற்கிற தளத்துக்கு ஒரு மணி நேரம் வேணும்னா கவர் 20 மி.மீ. இரண்டு மணி நேரம்னா 35. நாலு மணி நேரம்னா 55. மில்லிமீட்டரைக் கொடுத்து நிமிஷம் வாங்குறோம்.

அப்போ கான்கிரீட்டை இன்னும் பலமாக்கினா இன்னும் நேரம் கிடைக்குமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். 1996 நவம்பர் 18-ல், இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கத்தில் லாரிகளை ஏத்திப் போன ரயில் தீப்பிடிச்சது. நல்லவேளை, யாரும் சாகலை. சுரங்கத்தின் உள்சுவர் உயர்பலக் கான்கிரீட், 40 செ.மீ. அளவுக்குத் தடிமன். தீ அணைஞ்ச பிறகு பார்த்தா சில இடங்களில் சில செ.மீ. தான் பாக்கி! அடர்த்தியான கான்கிரீட்டில் துளைகள் ரொம்பக் குறைவு. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி வெளியேற வழி இல்லாமல், பாப்கார்ன் மாதிரி பொரிஞ்சு தெறிக்குது. எது பலமோ அதுவே பலவீனமாயிடுச்சு.

இதுக்குக் கண்டுபிடிச்ச வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கான்கிரீட்டில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் இழைகளைக் கலக்குறாங்க. ஒரு கன மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோ போதும். 165 டிகிரி வாக்கில் இழை உருகிடும். அது இருந்த இடம் நீராவி போகிற பாதையா மாறிடும். உருகிப் போவதற்காகவே சேர்க்கிற பொருள்!

இவ்வளவும் படிச்ச பிறகு எங்க வீட்டு மாடி எடுத்த நாள் ஞாபகம் வந்தது. தளத்துக்குக் கம்பி கட்டி முடிச்சாச்சு. கம்பிக்கு அடியில் கவர் பிளாக்குக்குப் பதிலா, கையில் கிடைச்ச ஜல்லித் துண்டுகள். ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. நாலு ஆள் நடந்ததில் பாதி நகர்ந்து, கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே உட்கார்ந்திருந்தது. நான் ஒரு இன்ஜினியர் (பேப்பரில்!). பார்த்துக்கிட்டுதான் நின்னேன். மேஸ்திரி, "அதெல்லாம் நிக்கும் தம்பி" என்றார். நானும் டீ வாங்கப் போயிட்டேன்.

வீடு நிக்குது. ஆனா அந்தத் தளத்தில் எத்தனை நிமிஷத்தை அன்னைக்கு விட்டுட்டேன்னு இன்னும் கணக்குப் பார்க்கலை.

உங்க வீட்டில் கான்கிரீட் போடுற நாள் வந்தா, ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு கம்பிக்கு அடியில் பாருங்க. டீ அப்புறம் வாங்கிக்கலாம்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். சிவில் மக்கள் யாராவது படிச்சு, தப்பு இருந்தா திட்டாமல் திருத்துங்க :-)