மலை இல்லாத கீரிமலை

போன ஆடி அமாவாசை அன்று காலை அப்பா என்னை லசீன் பக்கம், சென் லோறன்ஸ் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எள்ளும் தண்ணியும் கையில் எடுத்து, அப்பப்பாவின் பெயரைச் சொல்லி ஆற்றில் விட்டார். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "இது கீரிமலையிலை செய்யவேண்டியது, பிள்ளை."

"அங்க பெரிய மலை இருக்கோ அப்பா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாழ்ப்பாணத்திலை எங்கையடி மலை? கடலுக்குப் பக்கத்திலை ஒரு கேணி. அவ்வளவுதான்."

நான் மொன்றியலில் பிறந்தவள். எனக்குத் தண்ணி என்றால் குழாயில் வருவது. அந்தக் கேணியைப் பற்றித் தேடிப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

கீரிமலை யாழ்ப்பாணத்தின் வடகரையில், காங்கேசன்துறைக்கு மேற்கே இருக்கிறது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் கடல் அலை அடிக்கிறது; இந்தப்பக்கம் கேணியில் ஆட்கள் நன்னீரில் குளிக்கிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். பக்கத்தில் நகுலேஸ்வரம் சிவன் கோயில். 'நகுலம்' என்றால் கீரி. கீரி முகம் கொண்ட முனிவர் ஒருவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது கதை. குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிக்கும் இங்கேதான் அந்த முகம் மாறியதாம். குதிரை முகம் விட்ட ஊர் மாவிட்டபுரம் ஆனது என்று சொல்வார்கள்.

கதைகள் இருக்கட்டும். உப்புக் கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணி எப்படி வருகிறது?

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் எல்லாம். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் அந்தக் கல்லை மெல்ல மெல்லக் கரைத்து, துளைகளும் குகைகளும் ஆக்கியிருக்கிறது. மழை அவற்றுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் உப்பு நீரைவிடப் பாரம் குறைந்தது. கல்லுக்குள்ளே மெதுவாக நகர்ந்து கரைக்கு வந்த தண்ணி வெளியே வரும் ஒரு வாசல்தான் கீரிமலை. மலை தந்த ஊற்று அல்ல. ஊர் வயல்களிலும் வளவுகளிலும் பெய்த மழை.

புத்தூருக்குக் கிட்ட நிலாவரை என்ற ஆழக்கிணறு இருக்கிறது. அதற்குள் ஒரு தேசிக்காயைப் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். தேசிக்காய் போகுமோ தெரியாது. ஆனால் நிலத்துக்குக் கீழே தண்ணிக்குப் பாதை உண்டு என்று அவர்கள் நினைத்தது சரிதான்.

இந்த நன்னீர் எவ்வளவு மெல்லிய சமநிலையில் நிற்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பியக் கரையோரங்களை ஆராய்ந்த கைபன், ஹெர்ஸ்பேர்க் என்ற இருவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம் வரை இருக்கும். அப்படியென்றால், அதிகமாக இறைத்து மேலே 1 மீற்றர் குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 மீற்றர் ஏறிவரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்தப் பயம் குறைவு. மோட்டர் வந்த பிறகு அப்படி இல்லை. வயலில் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே துளைகளால் கிணற்றுக்கு வந்துவிடுகின்றன. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, தண்ணியைத் தாங்கும் அந்தக் கல்லையே வெட்டியெடுத்தது.

1990 யூன் மாதம் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தார்கள். தொழிற்சாலையும் நின்றது. பிறகு அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. எங்கள் அப்பப்பா 1998இல் சுன்னாகத்தில் ஒரு வாடகை வீட்டில் இறந்தார். அங்கிருந்து கீரிமலை பத்துக் கிலோமீற்றரும் இல்லை. ஆனாலும் அவருடைய சாம்பலை அங்கே கொண்டுபோக முடியவில்லை. அப்பாவோ அப்போது மொன்றியலில், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2009இல் போர் முடிந்த பிறகுதான் மக்கள் படிப்படியாகத் திரும்பிப் போனார்கள். எல்லாருடைய காணியும் இன்னும் திரும்பவில்லை. இன்று ஆடி அமாவாசைக்குக் கேணி நிறைய ஆட்கள். தகப்பனை இழந்தவர்கள் அன்று அங்கே வருவார்கள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி.

மொன்றியலும் சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. பழைய சாம்பல் நிறக் கல் வீடுகளைப் பாருங்கள். அது இந்தத் தீவிலேயே வெட்டிய கல். ஆனால் எங்களைச் சுற்றி ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக்குப் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே தேங்கிய மழைதான். அது உப்பாகிவிட்டால், காணி திரும்பக் கிடைத்தும் அங்கே குடியிருப்பது கஷ்டம்.

அடுத்த வருசம் ஆடியில் அப்பாவும் நானும் ஊருக்குப் போகிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருக்கால் கேட்டுப்பாருங்கள்: "எங்கட வீட்டுக் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ, உவரோ?" அந்தக் கேள்விக்குப் பிறகு அவர்கள் நிறையக் கதை சொல்வார்கள்.