தபாலில் வந்த பாலர் புத்தகங்கள்

அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்தின் கிழக்கே, நிலக்கரிச் சுரங்கங்களும் செங்குத்தான பள்ளத்தாக்குகளும் நிறைந்த அப்பலேசிய மலைநாட்டில், பெயின்ட்ஸ்வில் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு, மே ஸ்டாஃபோர்டு என்ற பெண்மணி 1913-ஆம் ஆண்டில் குதிரைமீது புத்தகங்களை ஏற்றி வீடுவீடாக அனுப்பும் நூலகம் ஒன்றை ஆரம்பித்தார். அதற்குப் பொருளுதவி செய்தவர் சுரங்கத் தொழிலில் செல்வம் ஈட்டிய ஜான் மேயோ. மறு வருஷமே மேயோ காலமானார். அவரோடு அந்த நூலகமும் மறைந்தது. இருபது வருஷங்களுக்குப் பிறகு, பொருளாதார மந்தத்தால் தேசமே வேலையற்று நின்ற வேளையில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார் 1935 முதல் அதே மலைகளில் அதே காரியத்தை விரிவாக நடத்திற்று. மாதம் 28 டாலர் சம்பளம் பெற்ற ஏழைக் குடும்பத்துப் பெண்கள், ஓடைப் படுகைகளையே பாதையாகக் கொண்டு, எட்டாத குடிசைகளுக்கெல்லாம் சென்றார்கள். சம்பளம் மட்டுமே சர்க்காருடையது. புத்தகங்கள் பிறர் படித்துத் தானமாகக் கொடுத்தவை. அவை கிழிந்து நைந்தபோது, பழைய பத்திரிகைகளிலிருந்து கதைகளையும் படங்களையும் சமையல் குறிப்புகளையும் கத்தரித்து ஒட்டி, அப்பெண்களே புதிய ஏடுகளைத் தயாரித்தார்கள். யுத்தத்தினால் எங்கும் வேலை பெருகியதும் 1943-இல் அந்த வேலைத் திட்டம் கலைக்கப்பட்டது, குதிரைகளும் நின்றன. படிப்பவர் இல்லாமற்போனதால் நின்றதன்று அது.

இவ்விரண்டு முடிவுகளையும் முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒன்று தனி மனிதரின் ஆயுளோடு முடிந்தது. மற்றொன்று சர்க்காரின் நோக்கம் மாறியதால் முடிந்தது. பிற்காலத்தில் அதே மலைத்தொடரில், டென்னஸி மாநிலத்தின் செவியர் கவுண்டியில் தோன்றிய மூன்றாவது தருமம், இவ்விரு ஆதாரங்களையும் ஒருங்கே பிணைத்துக் கொண்டு வளர்ந்தது.

அதைத் தோற்றுவித்தவர் பாடகி டாலி பார்ட்டன். வாரத்துக்கு உழுத ஏழைக் குடியானவர் ஒருவரின் பன்னிரண்டு குழந்தைகளில் நான்காமவராக 1946-இல் பிறந்த அவர், கீர்த்தியும் செல்வமும் பெற்ற பின்னரும், கூர்மையான புத்தி படைத்த தம் தந்தைக்கு எழுதவும் படிக்கவும் தெரியாமற்போன துயரத்தை மறக்கவில்லை. அந்தத் தந்தையை நினைந்தே 1995-இல், பிறந்தது முதல் ஐந்து வயது நிறையும்வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் ஒரு புத்தகம் இலவசமாகத் தபாலில் அனுப்பும் ஏற்பாட்டைத் தம் சொந்தக் கவுண்டியில் அவர் தொடங்கினார். குழந்தைகள் அவரைப் 'புத்தக அம்மா' என்று அழைப்பதைக் காதாரக் கேட்டு மகிழ்ந்த பிறகே, 2000-ஆம் ஆண்டில் தந்தை கண்ணை மூடினார்.

இத்திட்டத்தின் நுட்பம் இரண்டு விஷயங்களில் இருந்தது. பெற்றோரின் வருமானம் கேட்கப்படவில்லை. ஆதலால் அப்புத்தகத்தைப் பெறுவது வறுமைக்குச் சாட்சியாகவில்லை. அடுத்தது, மேல்விலாசத்தில் எழுதப்பட்டது குழந்தையின் பெயர். பெரியவர்களுக்குக் கடன் பாக்கியும் மின்சாரக் கட்டணமும் மட்டுமே கொண்டுவரும் தபால்காரர், இன்னும் பேச்சு வராத சிசுவுக்கென்று ஒரு பொருளைத் தந்துவிட்டுப் போகிறார்; அது திருப்பிக் கொடுக்க வேண்டியதன்று, மூத்தவர் படித்து முடித்ததன்று, அக்குழந்தைக்கே சொந்தமானது. நூலகம் எவ்வளவு உத்தமமானதாயினும் இந்த உரிமையுணர்ச்சியை அதனால் அளிக்க முடியாது என்பதே என் அபிப்பிராயம். சின்ன ரெயில் எஞ்சின் ஒன்று மலையேறும் கதை முதற்புத்தகமாக வந்தது. தவறாமல் பெற்ற குழந்தை பள்ளி செல்லும் முன் அறுபது புத்தகங்களை உடையதாயிற்று.

2000 முதல் திட்டம் பிற ஊர்களுக்கும், பின்னர் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து ஆகிய தேசங்களுக்கும் பரவிற்று. 2018-இல் பத்துக் கோடியாவது புத்தகம் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. ஆயினும் பாடகியின் ஸ்தாபனம் எல்லாச் செலவையும் தானே ஏற்றதில்லை. நூல்களைத் தேர்ந்தெடுப்பதும் நிர்வாகமும் அதன் பொறுப்பு. குழந்தை ஒன்றுக்கு மாதம் மூன்று டாலருக்கும் குறைவான விலையையும் தபால் செலவையும் அந்தந்த ஊர்ச் சங்கங்கள் தேடிக் கொள்ள வேண்டும். சில மாநில சர்க்கார்கள் அதில் பாதியை ஏற்றுக் கொண்ட இடங்களில், திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது.

இந்தியானா அவ்வாறு முன்வந்த மாநிலங்களில் ஒன்று. கவர்னர் எரிக் ஹோல்கோம்ப் காலத்தில், 2023-இல், சட்டசபை பணம் ஒதுக்கிற்று. 92 கவுண்டிகளிலும் திட்டம் பரவி, மாதந்தோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் புத்தகம் பெற்றார்கள். 2025-இல் புதிய கவர்னர் மைக் பிரான் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் அந்த ஒதுக்கீடு இடம்பெறவில்லை. ஆட்சேபம் எழுந்ததும், தனியார் கொடையாளிகளைத் தேடும் பணியைக் கவர்னர் தம் மனைவியிடம் ஒப்படைத்தார். சட்டசபை இறுதியில் நிறைவேற்றிய திட்டத்திலும் சர்க்கார் பங்கு மீளவில்லை.

கொடையாளிகளை நான் குறைவாக மதிக்கவில்லை; இத்தருமமே ஒரு கொடையாளியின் வாத்ஸல்யத்தில் உதித்தது. ஆனால் பொதுப்பணம் விலகிய இடத்தில் கொடையைத் தேடிப் போவது, பெயின்ட்ஸ்வில்லின் பழைய நிலைமைக்குத் திரும்பிச் செல்வதாகும். செல்வர் பலர் வாழும் நகரம் மீதிப் பாதியையும் எளிதில் திரட்டிக் கொள்ளும். தொழிற்சாலை மூடிய சிற்றூரிலோ, இருந்த பாதியைத் திரட்டவே சங்கத்தார் பெரும் பிரயாசைப்பட்டிருப்பார்கள். அங்கேதான் வீட்டில் வேறு புத்தகமே இல்லாத குழந்தைகளும் அதிகம். இந்தியானாவின் வரவுசெலவுத் திட்டம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நிறைவேறுவது. அடுத்தது 2027-இல் வரும். அவ்வாறு நிறுத்தியதை அன்று மனமிரங்கி மீண்டும் கொடுத்தாலும், 2025-இல் பிறந்த குழந்தைக்கு அதற்குள் இரண்டு வயது ஆகியிருக்கும். மடியில் கிடந்து கேட்க வேண்டிய முதல் இருபத்துநான்கு புத்தகங்களின் பருவம் அதற்குக் கடந்து போயிருக்கும்.