கலைக்கப்பட்ட மன்றங்களின் காகிதங்கள்

ஒரு மருத்துவமனையின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்குக் கிடைப்பவை பெரும்பாலும் மருத்துவமனையே எழுதிவைத்தவை: ஆண்டறிக்கை, வரவுசெலவு, சேர்க்கைப் பதிவேடு. அவற்றில் நோயாளி இருக்கிறார், ஆனால் பேசமாட்டார். எத்தனை நாள் படுத்திருந்தார் என்பது தெரியும். தண்ணீர் கேட்டும் யாரும் வரவில்லை என்பது தெரியாது. அவர் பேசிய இடம் வேறு. அந்த இடத்தின் காகிதங்கள் எப்படிச் சிதறுகின்றன என்பதற்கு பிரிட்டனைவிடத் தெளிவான உதாரணம் நான் அறிந்தவரை இல்லை.

கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்கள் நடத்தப்பட்ட விதம் 1967இல் பத்திரிகையில் வந்தது; 1969இல் விசாரணை அறிக்கை வெளியானது. ‘உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியாள் பார்க்க வேண்டாமா?’ என்ற கேள்வியை அதன்பின் தள்ளிப்போட முடியவில்லை. 1974இல் கம்யூனிட்டி ஹெல்த் கவுன்சில்கள் வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 200க்கும் மேல். உறுப்பினர்களில் பாதிப்பேரை உள்ளாட்சிகளும், மூன்றில் ஒரு பங்கைத் தன்னார்வ அமைப்புகளும் அனுப்பின. அவர்கள் வார்டுக்குள் போய்ப் பார்க்கலாம். மருத்துவமனையை மூடுவதை முறைப்படி எதிர்த்தால் முடிவு அமைச்சர் மேசைக்குப் போகும். புகாரோடு வந்தவருக்குக் கடிதம் எழுத உதவியதும் இவர்கள்தான். அவசரப் பிரிவுகளில் யார் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்று ஒரே நாளில் பல ஊர்களில் எண்ணி வெளியிட்டார்கள்.

2003இல் இங்கிலாந்தில் இவற்றைக் கலைத்தார்கள். அடுத்து நோயாளர் மன்றங்கள், 2008இல் அவையும் போய் ‘லிங்க்’, 2013இல் ‘ஹெல்த்வாட்ச்’. வேல்ஸில் பழைய மன்றங்கள் 2023 வரை தாக்குப்பிடித்தன.

ஒவ்வொரு முறையும் பலகை மாறியது, புதியவர்கள் வெற்று நோட்டோடு ஆரம்பித்தார்கள். பழைய மன்றங்களின் கூட்டக் குறிப்புகளில் சில உள்ளூர் ஆவணக் காப்பகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மற்றவை யார் அக்கறைப்பட்டார்களோ அவர்களைப் பொறுத்தது, அவ்வளவுதான். கட்டடம் மூடினால் நாற்காலிக்குக்கூடக் கணக்கு உண்டு. இந்தக் காகிதத்துக்கு வாரிசு இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடந்த விவகாரத்தை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013இல் வந்தது. பழைய மன்றங்களுக்குப் பதிலாக வந்த அமைப்புகள் மக்களின் குரலை வலுப்படுத்தவில்லை, பலவீனப்படுத்தின என்பது அதன் முடிவு. அங்கே குரல் எழுப்பியவர்கள் இறந்தவர்களின் உறவினர்கள். ஒரு கஃபே சுவரில் புகைப்படங்களை ஒட்டினார்கள். அந்தச் சுவரும் ஓர் ஆவணம்தான் என்பேன். ஆனால் அதற்கு எந்த அரசுக் கோப்பிலும் எண் கிடையாது.

அந்தரங்கம் என்ற தடை நியாயமானது. புகார்க் கோப்பில் பெயரும் நோயும் இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் காப்பகங்கள் நோயாளிப் பதிவேடுகளை 100 ஆண்டுவரை மூடிவைத்துக் காப்பதும் நடைமுறைதான். பூட்டிவைத்ததைப் பேரப்பிள்ளைகள் திறக்கலாம், கிழித்ததைத் திறக்க முடியாது. பொதுக்கூட்டக் குறிப்புகளுக்கோ அந்தப் பூட்டும் தேவையில்லை.

2025இல் ஹெல்த்வாட்ச் அமைப்பையும் முடித்துக்கொள்ளப்போவதாக அரசு அறிவித்தது. உள்ளூர்க் கிளைகள் மட்டும் 150க்கும் மேல். இந்த முறை போகப்போவது பெட்டிகள் மட்டுமல்ல, மின்னஞ்சல்களும் கணினிக் கோப்புகளும்கூட. கடவுச்சொல் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் கதை முடிந்தது. கலைக்கும் சட்டத்திலேயே ‘இவற்றின் ஆவணங்கள் இன்ன காப்பகத்துக்கு’ என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.