நெய் பிடித்த உருண்டையும் பாகு பிடித்த உருண்டையும்

தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் நடுவே 2023-இல் 14 நாள்தான் இருந்தது. 2024-இல் 43 நாள். ஒன்று அமாவாசையை ஒட்டி வருகிறது, மற்றொன்று பௌர்ணமியும் கிருத்திகையும் கூடுகிற நாளில் வருகிறது. அதனால் இந்த ஏற்ற இறக்கம். இடைவெளி எத்தனை நாளானாலும் மயிலாடுதுறைப் பக்கம் அந்த நாட்களில் மழை உண்டு, உருண்டையும் உண்டு. தீபாவளிக்கு மாலாடு, கார்த்திகைக்குப் பொரி உருண்டை. இரண்டும் வீட்டில் தின்பதைவிடக் கொடுப்பதற்கென்றே பிடிப்பவை. எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம், கேக் மாதிரி ஓவனில் வைத்து எடுக்கவும் வேண்டாம். பலகாரம் செய்து பழகாதவர்கள் இந்த இரண்டில் ஒன்றில்தான் கை வைக்கிறார்கள். எதில் கை வைத்தார்கள் என்பதைப் பொறுத்து அடுத்த வருஷமும் செய்வார்களா, கடையில் வாங்கிவிடுவார்களா என்று தெரிந்துவிடும்.

பார்வைக்கு இரண்டும் உருண்டைதான். ஆனால் ஒன்றைப் பிடித்து நிறுத்துவது நெய், மற்றொன்றைப் பிடித்து நிறுத்துவது வெல்லப்பாகு. யார் செய்யலாம், எவ்வளவு நாள் இருக்கும், எவ்வளவு தூரம் போகும், யாருக்குப் போகும் என்ற மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் கட்சி.

மாலாட்டின் சூட்சுமம் பொட்டுக்கடலையில் இருக்கிறது. கடலையை நனைத்து, சூட்டு மணலில் வறுத்து, தோல் போக்கி உடைத்து, மளிகைக்கடைக்கு வரும்போதே தின்னத் தயாராக வருகிற பண்டம் அது. பாசிப்பருப்பில் பயத்தம் உருண்டை பிடிக்கிறவர்கள் பருப்பை வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். கொஞ்சம் முன்னதாக இறக்கினாலும் பச்சை வாடை அடிக்கும். பொட்டுக்கடலையில் அந்தக் கவலையே இல்லை. கால் கிலோ பொட்டுக்கடலை, அதே அளவோ சற்றுக் குறைவாகவோ சர்க்கரை, நாலைந்து ஏலக்காய். தனித்தனியாகத் திரித்து, சலித்து, கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். நூறு நூற்றிருபது கிராம் நெய்யைக் காய்ச்சி, அதிலேயே முந்திரியை வறுத்து, சூட்டோடு மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளற வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்ததும் பிடிக்கலாம். அடுப்பு எரிவது நெய் காய்கிற நேரம் மட்டும்தான்.

சூடான நெய் மாவுத் துகள்களுக்கு நடுவே ஓடிப் பரவும். ஆறும்போது அதில் ஒரு பகுதி குருணையாக உறைந்து மாவைக் கட்டிக்கொள்ளும். எருமை நெய் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் இளகும் என்பதால் உருண்டை இன்னும் உறுதியாக நிற்கும். பசு நெய்யில் வாசம் கூடுதல், பிடிமானம் கொஞ்சம் குறைவு. கவனிக்க வேண்டியது, இதில் சர்க்கரை எங்கேயும் கரையவே இல்லை. பொடியாகவே இருக்கிறது. நைசாகத் திரிக்காவிட்டால் வாயில் நறநறக்கும்.

இதில் தவறு செய்வது கடினம், செய்தாலும் சரிக்கட்டிவிடலாம். உருண்டை உதிர்கிறதா, இன்னொரு கரண்டி நெய்யைக் காய்ச்சி ஊற்ற வேண்டியதுதான். நெய் மிஞ்சிவிட்டதா, இருக்கிற மாவைத் தூவிக்கொள்ளலாம். நடுவில் யாராவது வாசலில் கூப்பிட்டால் போய்ப் பேசிவிட்டு வரலாம். ஆறிப்போன மாவை வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி பிடிக்க வரும். குழந்தைகளையும் உட்கார்த்தி வைத்துப் பிடிக்கச் சொல்லலாம். பெரிதும் சிறிதுமாக வரும், வந்தால் என்ன?

பொரி உருண்டை இப்படி இடம் கொடுக்காது. அதில் முதல் வேலை பொரி. கார்த்திகைக்கு நெற்பொரி, அவல்பொரி இரண்டிலும் பிடிக்கிறார்கள். நெல் விளைகிற ஊரில் நெற்பொரிக்குத்தான் மதிப்பு. உமியோடு இருக்கிற நெல்லைக் காய்ந்த மணலில் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகும். உமி அதை வெளியே விடாமல் அடக்கும். அடக்க முடியாத இடத்தில் வெடித்து மலரும். ஈரம் மிகுந்தாலும் மலராது, சுத்தமாகக் காய்ந்துவிட்டாலும் மலராது. அரசுக் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 விழுக்காடு ஈரப்பதம். மழையில் அறுத்த குறுவை நெல் அதைத் தாண்டிவிடுகிறது என்று தளர்வு கேட்டு வருஷா வருஷம் கோரிக்கை வைக்கிற மாவட்டம் இது. பொரிக்கோ அந்த வரம்பையும்விடக் காய்ந்த நெல் வேண்டும். இப்போது வீட்டில் யாரும் பொரிப்பதில்லை, கடைப் பொரிதான். ஆனால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் உமியைப் புடைத்துப் பொறுக்குவது இன்னும் வீட்டு வேலைதான். முறத்தில் கை வராதவர்கள் இந்த இடத்திலேயே அலுத்துப்போவார்கள்.

அடுத்தது பாகு. அளவு நினைவில் வைக்க எளிது: ஐந்து பங்கு பொரிக்கு ஒரு பங்கு வெல்லம். மளிகைக்கடையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டே வாங்க வேண்டும். பொங்கலுக்கு வருகிற மெத்தென்ற அச்சு வெல்லத்தில் சில சமயம் பாகு கட்டாது. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பேற்ற வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டிப் பார்ப்பார்கள். முதலில் கரையும். பிறகு மெத்தென்று உருளும். அதற்கும் பிறகு, உருட்டியதைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பொரி உருண்டைக்கு வேண்டிய பதம்.

வெள்ளைச் சர்க்கரைப் பாகில் இதற்கு வெப்பமானிக் கணக்கு உண்டு. மெத்தென்று உருளுவது 112 முதல் 116 டிகிரி செல்சியஸில். அப்போது பாகில் ஏறக்குறைய 15 விழுக்காடு தண்ணீர் மிச்சம் இருக்கும். கெட்டியாக உருளுவது 121 முதல் 130-இல். தண்ணீர் 8 விழுக்காட்டுக்கு இறங்கியிருக்கும். 146-ஐத் தாண்டினால் கண்ணாடி மாதிரி முறியும்; கடலை மிட்டாய் வேலை அந்தப் பக்கம் நடப்பது. வெல்லத்தில் வேறு சத்துகளும் கலந்திருப்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் படிகள் அவையேதான். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குள் மொத்த வித்தையும் முடிந்துவிடுகிறது. முன்னாலேயே இறக்கினால் உருண்டை பிசுபிசுத்துச் சரியும். பின்னால் இறக்கினால் பிடிப்பதற்குள் இறுகிப்போகும். தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, சுக்கு, ஏலக்காய் கலந்த பொரியில் பாகை ஊற்றிய பிறகு, கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். ஒருவர் பிடித்து முடிப்பதற்குள் தாம்பாளத்தில் பாதி உதிரியாக நின்றுவிடும். அதனால் இது ஒற்றை ஆள் வேலையே இல்லை. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்று ஜோடிக் கைகளாவது வேண்டும். எல்லோருக்கும் உள்ளங்கை சிவக்கும். குழந்தைகளைக் கிட்டேயே விடக்கூடாது.

ஆக, எது எளிது என்ற கேள்விக்குப் பதில் மாலாடு. செலவு குறைவு எது என்றால் பொரி உருண்டை. நெய் விற்கிற விலையில் மாலாட்டின் செலவில் பெரும்பங்கு அந்த நெய்க்கே போகும். பொரியும் வெல்லமும் சேர்ந்தால்கூட அதில் சிறு பங்குதான் ஆகும். மாலாட்டில் பணத்தைக் கொட்டிக் கைப்பழக்கத்தை மிச்சம் பிடிக்கிறோம். அதனாலேயே வசதியான வீட்டுப் பலகாரமாக அது பேர் வாங்கியது. நெய்யைக் குறைத்து வனஸ்பதி சேர்ப்பவர்கள் உண்டு. உருண்டை நன்றாகவே நிற்கும், ஆனால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும். அதை யாருக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இனி மழைக்கு வருகிறேன். தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குள் வருகின்றன. 2022-இல் தீபாவளி அக்டோபர் 24, கார்த்திகை தீபம் டிசம்பர் 6. இரண்டுக்கும் நடுவே நவம்பர் 11-ஐ ஒட்டி இதே மாவட்டத்துச் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை பதிவானது. அவ்வளவு பெய்யாத வருஷத்திலும் சுவர் வியர்க்கும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். வெள்ளைச் சர்க்கரை காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டை நெருங்கும்வரை பெரும்பாலும் அசையாது. வெல்லத்தில் சுக்ரோஸோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கின்றன. ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே ஃப்ரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். பொரியோ உள்ளெல்லாம் ஓட்டை. திறந்து வைத்த பொரி உருண்டை மறுநாளே நமத்துப்போவதற்குச் செய்தவர் மேல் குறை சொல்லிப் பயனில்லை. மாலாட்டிலோ மாவையும் சர்க்கரையையும் நெய் மூடியிருக்கிறது. உலர்ந்த டப்பாவில், ஈரக்கை படாமல் இருந்தால் இரண்டு வாரம் கவலையில்லை. அதற்கு மேல் நெய் காறத் தொடங்கலாம்.

இந்த ஆயுள் வித்தியாசம்தான் யாருக்கு எது போகிறது என்பதை முடிவு செய்கிறது. ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா முழுக்கு. மாயூரநாதர் எழுந்தருளும் காவிரித் துலாக்கட்டத்துக்கு உறவு சனம் வந்துகொண்டே இருக்கும்; கடைமுழுக்கு முடிந்து கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு வரைக்கும் யாராவது திண்ணையேறுவார்கள். வருகிறவருக்குத் தட்டில் வைக்கவும், பஸ் ஏறும்போது பொட்டலம் கட்டிக் கொடுக்கவும் டப்பாவில் மாலாடு இருக்கும். தலைதீபாவளிச் சீரில் போவதும், சென்னையில் இருக்கிற பிள்ளைக்கும் சிங்கப்பூரில் இருக்கிற பெண்ணுக்கும் கூரியரில் போவதும் அதுவே. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: டப்பாவில் இடைவெளி விட்டு அடுக்கினால் போய்ச் சேர்வது உருண்டையாக இராது, மாவாக இருக்கும். நெருக்கி வைத்து, வெண்ணெய்த்தாளைத் திணித்து மூட வேண்டும். வளைகுடா நாட்டு வெயிலில் நெய் இளகும் என்பதையும் மறக்கக் கூடாது.

துக்கம் விழுந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தவரும் உறவினரும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கிற தட்டில் முறுக்கு, அதிரசத்தோடு மாலாடும் இருக்கும். அந்த வீட்டில் ஒரு வாரம் யார் எப்போது தின்பார்கள் என்று சொல்ல முடியாது. கெடாமல் இருப்பது அங்கே பெரிய குணம்.

பொரி உருண்டையின் எல்லை தெருமுனை. விளக்கேற்றி, படைத்து, அன்று இரவே நாலு வீட்டுக்குப் போய்விட வேண்டும். சில குடும்பங்களில் அண்ணன் தம்பிமார் உடன்பிறந்தாளுக்குக் கார்த்திகைச் சீர் வைப்பதுண்டு. அவள் பக்கத்து ஊரில் வாழ்ந்தால் பொரி உருண்டையும் சேர்ந்து போகும், தொலைவில் இருந்தால் பணமாகப் போய்விடும். படையலில் வைத்ததை வாங்கத் தயங்குகிற முஸ்லிம், கிறிஸ்தவ அண்டை வீடுகளும் இருக்கும் என்பதால் படைப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து வைக்கிற வீடுகள் உண்டு. வாயால் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் இரண்டு பக்கமும் புரிந்துகொள்கிற ஏற்பாடு இது. கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டிலிருந்து தட்டு திரும்பி வரும்போது கேக்குக்குப் பக்கத்தில் முறுக்கும் உருண்டையும் இருப்பதைப் பார்க்கலாம்.

பொரி உருண்டைக்கு அமெரிக்காவில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரி இருக்கிறாள். 1939-இல் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் மில்ட்ரெட் டே என்பவரும் உடன் வேலை செய்தவரும் அரிசிப்பொரியான ரைஸ் கிறிஸ்பீஸை வெண்ணெயிலும் மார்ஷ்மெல்லோவிலும் கிளறித் தட்டில் அமுக்கித் துண்டு போட்டார்கள். அடுப்பில் உருக்குவதோடு சரி, ஓவன் கிடையாது. அதைச் சிறுமியர் அமைப்பு ஒன்று நிதி திரட்ட விற்றது; அப்படியே நாடு முழுக்கப் பரவியது. அவர்களும் பொரியைத்தான் எடுத்தார்கள், ஆனால் பதம் பார்க்கிற வேலையைத் தொழிற்சாலையிடம் விட்டுவிட்டார்கள். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டினும் சோளப்பாகும் இருப்பதால் அது இறுகிப்போவதில்லை; எத்தனை டிகிரி என்று யாரும் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை. சிறுமிகள் செய்ய முடிந்தது அதனால்தான். நம் ஊரில் அந்த இடம் மாலாட்டுக்கு; அதில் மார்ஷ்மெல்லோவின் வேலையை நெய் பார்க்கிறது.

வெல்லத்தோடு ஒரு கரண்டி குளுக்கோஸ் பாகு சேர்த்தால் பொரி உருண்டை பிடிக்க நேரம் கிடைக்கும் என்று சிலர் செய்கிறார்கள். நேரம் கிடைப்பது உண்மை. ஆனால் சுக்கின் காரமும் வெல்லத்தின் கருகல் வாசமும் மங்கி, கடைத்தனமாக ஆகிவிடுகிறது. அதைவிடத் தாம்பாளத்தில் பாதி உதிரியாக நின்றாலும் பரவாயில்லை. அந்த உதிரியைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்பதற்கென்றே வீட்டில் ஓர் ஆள் இருப்பார்.

முதல் தடவை செய்கிறவர் மாலாட்டில் தொடங்கலாம். கொடுக்க வேண்டியவர் பஸ் தூரத்தில் இருந்தால் அனுபவசாலியும் மாலாடே செய்யட்டும். பொரி உருண்டைக்கு மட்டும் மூன்று ஜோடிக் கைகள் கிடைக்கிற வருஷமாகப் பார்த்து அடுப்பேற்றுங்கள். 2023 மாதிரி 14 நாளில் இரண்டு பண்டிகையும் வந்துவிட்டால் பொட்டுக்கடலையை ஒரு கிலோவாகவே வாங்கிவிடலாம், இரண்டுக்கும் அது வேண்டும். பொரியை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். கார்த்திகைக்கு முதல் நாள் சாயங்காலம் மயிலாடுதுறைப் பட்டமங்கலத் தெருவுக்கோ கூறைநாட்டுக்கோ போய், நாலு பொரியை வாயில் போட்டு மொறுமொறுவென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.