ஓபியாய்டு மாற்று மருத்துவம்: சிற்றூர் நிலை

ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களுக்கு அடிமையானவருக்கு, மெத்தடோன் அல்லது புப்ரினார்பினை மருத்துவக் கண்காணிப்பில் அளவோடு நெடுநாள் கொடுக்கும் சிகிச்சை முறை. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் மெத்தடோனைக் கொண்டு இதை நிறுவினர். உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் புப்ரினார்பினே பரவலாக வழங்கப்படுகிறது. மெத்தடோன் 2012இல்தான் சில மையங்களில் அறிமுகமானது.

இச்சிகிச்சையின் வெற்றி மருந்தைப் போலவே தொலைவையும் பொறுத்தது. தொடக்கத்தில் மெத்தடோனை நாள்தோறும் மையத்திலேயே அருந்த வேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊரில் தறிக்கூலியையோ வயற்கூலியையோ நம்பி வாழ்பவர் வெகுதொலைவுக்கு அன்றாடம் போய்வந்தால் பிழைப்பு கெடும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் மானமும் தடுக்கும். ஆகவே அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே மருந்து கிடைப்பது அவசியம்.

ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதையா என்பது பொதுவான மறுப்பு. இம்மருந்துகள் மெல்ல வேலைசெய்து, கிறக்கம் தராமல் ஏக்கத்தைத் தணிக்கின்றன. சிகிச்சையில் நீடிப்போரின் இறப்பு வீதம், சிகிச்சையில் இல்லாதோருடையதில் ஏறத்தாழப் பாதியே என்று பன்னாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்து வெளியே கசியும் என்ற அச்சம் நியாயமானதே. ஊசியில் ஏற்றுவதைத் தடுக்க நலாக்சோன் கலந்த புப்ரினார்பின் மாத்திரையும், தொடக்கத்தில் நேரடிக் கண்காணிப்பும் அதற்கு விடை. சிகிச்சையை மறுப்பது விடையாகாது. வழிகாட்டலுக்கு மைய அரசின் இலவச உதவி எண் 14446.