மூப்படைந்த பலகையின் வாழ்வு

ஒரு கருவி எப்போது பழையதாகிறது? கலப்பை தேய்ந்தால் பழையதாகும். குடை கிழிந்தால் பழையதாகும். கணிப்பொறியின் நிலை வேறு. உறுப்பு ஒன்றும் கெடாதிருக்கையிலேயே, அதற்கேற்ற மென்பொருளை ஆக்கித் தருவார் இல்லையெனில் அது பயனற்ற பொருளாகிவிடுகிறது. இந்த விதியை இன்றளவும் எதிர்த்து நிற்கும் சிறு பலகை ஒன்றின் வரலாற்றை நேயர்களுடன் நோக்க விழைகிறோம்.

கணிப்பொறிக்கு இன்றியமையாத உறுப்புகள் யாவும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்தால் அதனை ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்கிறோம். இவ்வகைப் பலகைகள் 1970-களிலேயே தோன்றிவிட்டன. நாம் கூறவந்த பலகையோ இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான ராஸ்பெர்ரி பை. அதே நகரின் ஏகார்ன் நிறுவனம் 1981-இல் பிபிசி மைக்ரோ என்னும் கணிப்பொறியை அளித்தது. ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று மக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி புகட்ட முன்வந்ததன் விளைவு அது என்பதை வானொலிப் பேச்சில் கூறாதிருக்க மனம் வரவில்லை. அதன் ‘ஏ’, ‘பி’ என்னும் மாதிரிப் பெயர்களையே ராஸ்பெர்ரி பையும் ஏற்றுக்கொண்டது. ஏகார்ன் 1985-இல் படைத்த ஆர்ம் என்னும் செயலியின் வழித்தோன்றலே அதன் மூளை.

கணிப்பொறியியல் கற்க வரும் மாணவர் தொகை குறைவது கண்டு கவலையுற்ற ஈபன் அப்டன் முதலானோரின் முயற்சியால், 2012 பிப்ரவரி 29 அன்று ‘பி’ மாதிரி 35 டாலர் விலையில் வெளிவந்தது. நினைவகம் 256 மெகாபைட். செயலியின் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். விலை குறைய வேண்டுமே என்று பழைய செயலியையே பொருத்தியிருந்தனர். நரைத்த தலையுடன் பிறந்த குழந்தை எனலாம்.

இதனால் ஓர் இடர் நேர்ந்தது. யாவரும் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் உரிமையளிக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களுள் டெபியன் பெரியது. ஆர்ம் செயலிகளுக்கென அது இருவேறு தொகுப்புகளை வைத்திருந்தது. ஒன்று தசமப் புள்ளி எண்களைக் கணக்கிடும் தனி உறுப்பு இல்லாத மிகப் பழைய செயலிகளுக்கு உரியது; மற்றொன்று ஆர்ம் ஏழாம் வடிவுக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் உரியது. நம் பலகையோ ஆறாம் வடிவைச் சேர்ந்தது. அவ்வுறுப்பு அதனிடம் இருந்தும், புதிய தொகுப்பு அதில் ஓடாது; பழைய தொகுப்போ அவ்வுறுப்பின் பயனை முழுதும் பெறாது. மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்னும் இருவர் ஊதியம் கருதாது முன்வந்து, 35,000-க்கு மேற்பட்ட மென்பொருட் பொதிகளை ஆறாம் வடிவுக்கென மறுபடியும் தொகுத்தனர். 2012 ஜூனில் முடிந்த அப்பணியே ராஸ்பியன். மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இவ்விருவர் எத்துணை முயன்றும் பயனில்லை.

2015-இல் ஏழாம் வடிவச் செயலியுடன் இரண்டாம் பை வந்தது. முதற்பலகைகள் அலமாரிக்குச் சென்றன. ஆர்ச் லினக்ஸ் ஆர்ம் 2022-இல் ஆறாம் வடிவைக் கைவிட்டது. ஆயினும் 1993-இல் தொடங்கிய நெட்பிஎஸ்டி, 2024-இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பிலும் அதற்கு இடமளித்தது. அதன் முறை போற்றத்தக்கது: ஆற்றல் மிக்க வேறொரு கணிப்பொறியில் தொகுப்பு வேலை முழுவதையும் முடித்து, விளைவை மட்டும் சிறு பலகைக்கு மாற்றலாம். பலகையே தொகுக்க முற்பட்டால் நாள்கணக்கில் காத்திருக்க நேரும்.

இன்று அத்தகைய பலகையை எடுத்து ஓட்ட விரும்புவோர் அதனிடம் இணைய உலாவியை எதிர்பார்த்தல் வேண்டா. வரைகலைப் பகுதியும் அதே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், அதற்கு 16 மெகாபைட் மட்டும் ஒதுக்கி, திரையின்றி இயக்குதல் நலம். அச்சுப்பொறியைப் பலருக்குப் பொதுவாக்கவும், வெப்பநிலையைக் குறித்து வைக்கவும் அது போதும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் மற்றொரு தொல்லை உண்டு. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் நினைவு அட்டையிலுள்ள கோப்புகள் சிதையலாம். நாட்குறிப்புக் கோப்புகளை நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது ஓரளவு காக்கும்.

குறை ஒன்றையும் மறைத்தல் ஆகாது. பலகைக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது வரைகலைப் பகுதியே. அதை எழுப்பும் தொடக்க நிரல் மூடப்பட்டது. பிராட்காம் நிறுவனம் 2014-இல் வரைகலை இயக்கிக்குரிய நிரலையும் விளக்க ஏட்டையும் வெளியிட்டது. தொடக்க நிரலை வெளியிடவில்லை. எவ்வளவு திறந்த இயங்குதளமாயினும், இவ்வாயிலில் பிறர் தந்த சாவியையே நம்புகிறது.

இனி வருவது காலத்தைப் பற்றிய சிக்கல். இப்பலகையில் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் வலையமைப்பிடம் நேரம் கேட்டறிகிறது. 1970 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய வழக்கம் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். நெட்பிஎஸ்டி, பலகை பிறந்த 2012-ஆம் ஆண்டிலேயே, ஆறாம் பதிப்பில் அவ்வெண்ணிக்கையை 64 பிட்டுக்கு விரித்துவிட்டது. 32 பிட் செயலிகளுக்கான லினக்ஸ் கெர்னல் 2020-இல் அந்நிலையை எய்தியது.